அஞ்சு மாடு, ஒரு டிராக்டர், ஒரு அக்கவுன்டன்ட்!

மார்ச் 28-ஆம் தேதி ஓர் அக்கவுன்டன்ட் லீவு கேட்பது, முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை "ஒரு நிமிஷம், வெளியே போயிட்டு வந்துடறேன்" என்று மணையை விட்டு எழுந்திருப்பது மாதிரி. மேனேஜர் என்னை அப்படித்தான் பார்த்தார்.

"அப்பா விழுந்துட்டார் சார். இடுப்பு எலும்பு."

"அடடா... எங்கே விழுந்தார்?"

"மாட்டுக் கொட்டகையில் சார். மாடு திரும்பினப்ப வழுக்கிடுச்சு."

மேனேஜரின் முகம் மாறியது. அவருக்கும் சொந்த ஊர் என்று ஒன்று உண்டு. "போயிட்டு வா. லேப்டாப்பை எடுத்துக்கிட்டுப் போ" என்றார். பாதி லீவு, பாதி வீட்டிலிருந்தே வேலை. இது 2023-ல் நடந்தது.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டம். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். மொத்தம் நாலரை ஏக்கர். ஒன்றரை ஏக்கர் நெல், ஒன்றரை கரும்பு, ஒன்று மஞ்சள், மிச்சம் 50 சென்ட் தீவனப் புல். கட்டுத்தரையில் அஞ்சு உருப்படி. செவலை, காரி, புள்ளி மூன்றும் கறவை. மயிலை ஏழு மாதச் சினை, பால் வற்றிவிட்டது. கடைசியாக ஒரு கிடாரி. அதற்குப் பெயர் வைக்கவில்லை. அம்மா "ஏய் கழுதை" என்று கூப்பிட்டால் வரும்.

கூடவே ஷெட்டில் ஒரு டிராக்டர். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து, கட்டிலோடு கட்டிலாகக் கொண்டு வந்து திண்ணையில் போட்டோம். மூன்று மாசம் எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அன்றைக்கு ராத்திரி நான் லேப்டாப்பைத் திறந்து, எக்ஸெல்லில் புது ஷீட் ஒன்று போட்டு, தலைப்பில் 'தோட்டம்' என்று டைப் அடித்தேன். பத்து வருஷமாக ஒரு கம்பெனிக்கு லாப நஷ்டக் கணக்கு பார்க்கிறவனுக்கு இந்த நாலரை ஏக்கர் எந்த மூலைக்கு?

முதலில் மாடு. மூன்று கறவையும் சேர்ந்து நாளைக்கு 26 லிட்டர். பால் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் பார்த்துத்தான் விலை. அந்த மாசம் எங்களுக்குச் சராசரியாக லிட்டருக்கு 34 ரூபாய் விழுந்திருந்தது. ஆக ஒரு நாளைக்கு 884 ரூபாய். மாசத்துக்கு 26,520.

செலவு? கலப்புத் தீவனம் 50 கிலோ மூட்டை 1,450 ரூபாய். அதாவது கிலோ 29. மாட்டின் உடம்புக்கு என்று ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் என்பது அம்மாவின் கணக்கு. (கால்நடை டாக்டர்கள் சொல்வதும் ஏறக்குறைய அதேதான்.) வற்றின மாடு, கிடாரி எல்லாம் சேர்த்து நாளைக்கு 18 கிலோ. மாசம் 15,660 ரூபாய். சினை ஊசி, குடற்புழு மருந்து, தாது உப்பு என்று 1,500. வைக்கோலும் பசும்புல்லும் சொந்தம். எல்லாம் போகக் கையில் நிற்பது 9,360.

'பரவாயில்லையே' என்று நினைக்கும்போதே எனக்குள் இருந்த அக்கவுன்டன்ட் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு எழுந்தான். 'உழைப்புக்குச் சம்பளம் எங்கே?' அப்பாவுக்கு நாளைக்கு 300, அம்மாவுக்கு 300. மாசம் 18,000. இப்போது கணக்கு என்ன? 8,640 ரூபாய் நஷ்டம்!

மறுநாள் காலை காபி குடிக்கும்போது இந்த அதிர்ச்சித் தகவலை வெளியிட்டேன். அம்மா சொம்பைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மாசம் ஒம்பதாயிரம் சம்பளம் போட்டிருக்கியா கண்ணு?"

"ஆமாம்மா. அதுவே கம்மிதான்."

"சரி, எப்போ தருவே? இருபத்தெட்டு வருஷப் பாக்கி இருக்குது."

திண்ணையிலிருந்து அப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆகவே அந்தக் கணக்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அம்மா அதோடு விடவில்லை. "சாணியை எங்கே எழுதியிருக்கறே?" என்றாள். எழுதவில்லை. ஒரு மாடு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ சாணி போடும். அஞ்சு மாட்டுக்கும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 20 டன். மக்கிக் காய்ந்தால் அதில் பாதிக்கும் கீழே, எட்டு ஒன்பது டன் தொழு உரம் நிற்கும். மஞ்சளுக்குத் தொழு உரம் போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். அதை வெளியில் வாங்கினால் ஒரு டிராக்டர் லோடு என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள், பகீர் என்றிருக்கும். கன்றுக்குட்டியும் கணக்கில் இல்லை. பெயரில்லாத கிடாரி ஈன்றால் அது வாங்காமல் வந்த ஒரு கறவை மாடு. நம்ம பாஷையில் அசெட்!

சரி, வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைப்போம் என்று இறங்கினேன். எந்தக் கம்பெனியிலும் முதலில் அதைத்தானே செய்வார்கள்? தீவனத்தில் நாளைக்கு அஞ்சு கிலோ வெட்டினேன். 145 ரூபாய் மிச்சம். மாசம் 4,350! அம்மாவிடம் சொல்லவில்லை. மூட்டையிலிருந்து அளந்து வைக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நல்ல பிள்ளை என்று நினைத்திருப்பாள்.

எட்டாவது நாள் பால் 20 லிட்டருக்கு இறங்கியது. ஆறு லிட்டர் குறைந்தால் 204 ரூபாய் போச்சு. அதோடு எஸ்.என்.எஃப். இறங்கி, விலையிலும் வெட்டு. 145 ரூபாய் மிச்சம் பிடிக்க 200 ரூபாய்க்கு மேல் செலவழித்த மேதை உங்கள் முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா செவலையின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அளக்கும் படி அவள் கைக்குப் போய்விட்டது.

இதில் இன்னொரு கொடுமை என்னவென்றால், தீவனத்தைப் பழையபடி வைத்த பிறகும் பால் முழுசாக ஏறவில்லை. 23, 24-ல் நின்றுவிட்டது. கன்று போட்டு சில வாரங்களில் உச்சத்துக்குப் போகும் பால், அப்புறம் மெதுவாக இறங்குவதுதான் இயற்கை. நடுவில் நாமே இறக்கிவிட்டால் திரும்ப அந்த இடத்துக்கு ஏற்றுவது கஷ்டம். கரன்ட்டை அணைத்துப் போடுகிற மாதிரி மாட்டை அணைத்துப் போட முடியாது சார்.

இரண்டாவது கோளாறு காரியால் வந்தது. ஒரு நாள் காலையில் தீவனம் தின்னாமல் கத்திக்கொண்டே இருந்தது. பக்கத்து மாட்டின் மேல் தாவியது. வாலடியில் கண்ணாடி மாதிரி வழும்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மா ஆஸ்பத்திரி செக்-அப்புக்கு அப்பாவோடு போயிருந்தாள். வயிற்றுக்கோளாறு என்று முடிவு கட்டி, வெற்றிலை, மிளகு, பெருங்காயம் எல்லாம் அரைத்து உருட்டி ஊட்டினேன். சாயங்காலம் அம்மா வந்து கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அட சாமி, அது சினைக்கு வந்திருக்குதுடா!"

காலையில் சினைக்குறி தெரிந்தால் அன்று மாலை ஊசி போட வேண்டும். மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு 21 நாள் கழித்து. ஒரு சினைப்பருவச் சக்கரத்தைக் கோட்டை விடுவது என்றால் என்ன? சினைக்காலம் 280 நாள். எல்லாம் அப்படியே 21 நாள் பின்னால் தள்ளிப்போகும். பின்னால், பால் வற்றி நிற்கிற காலத்தில், 21 நாள் கூடுதலாக ஒரு மாட்டுக்குச் சும்மா சோறு போட வேண்டும். ஆபீசில் ஒரு பில் அனுப்ப மூன்று வாரம் தாமதமானால் நமக்குச் சார்ஜ் மெமோ வரும். இங்கே காரி மிளகு வாசனையோடு என்னைப் பார்த்து மூச்சு விட்டது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு எப்படித் தெரிகிறது? சமையல்கட்டுச் சுவரில் ஒரு மாசக் காலண்டர். முகூர்த்த நாள், அமாவாசைக்கு நடுவில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிகள். ஒரு வட்டம் இருந்தால் சினைப்பருவம். வட்டத்துக்குள் புள்ளி வைத்தால் ஊசி போட்டாச்சு. பெருக்கல் குறி போட்டால் பாலை வற்றவிட வேண்டிய நாள், அதாவது கன்று ஈன 60 நாள் முன்னால். பக்கத்தில் மாட்டின் பெயருக்கு முதல் எழுத்து. கிடாரிக்கு 'க'. (கிடாரிக்கா, கழுதைக்கா என்று நான் கேட்கவில்லை.) பழைய காலண்டர்களைத் தூக்கிப் போடாமல் பரணில் சுருட்டி வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். ஆள் கூலி, மூட்டைக் கணக்கு, யார் யார் எத்தனை நாள் மஞ்சள் வெட்ட வந்தார்கள் என்பது வரை அதில் இருந்தது. பதினோரு வருஷத்து லெட்ஜர் சார் அது! எட்டாவது வரை படித்தவள்.

* * *

இப்போது டிராக்டர்.

2021-ல் மஞ்சள் பணம் கொஞ்சம் கையில் நின்றபோது அப்பா வாங்கினார். ரோட்டவேட்டர், கலப்பையோடு ஏழரை லட்சம். கையிலிருந்து இரண்டு லட்சம். மிச்சம் ஐந்தரை லட்சம் கடன், 12 சதவீத வட்டி, ஐந்து வருஷம், ஆறு மாசத்துக்கு ஒரு தவணை. தவணை கிட்டத்தட்ட 75,000 ரூபாய். அன்றைக்கு வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து எடுத்த போட்டோவை எனக்கு வாட்ஸ்-அப்பில் அனுப்பினார். 'சூப்பர்ப்பா' என்று பதில் போட்டேன். வட்டி எவ்வளவு என்று கேட்கவில்லை. அக்கவுன்டன்ட் பிள்ளை!

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் ஷெட்டுக்குள் போய் வண்டியின் மணி மீட்டரைப் பார்த்தேன். 430 மணி நேரம். இரண்டு வருஷத்துக்கு! அதாவது வருஷத்துக்கு 215 மணி நேரம். அதில் எங்கள் வயலுக்கு ஓட்டியது 60. மற்றதெல்லாம் அக்கம்பக்கத்துக்கு வாடகை, மணிக்கு ஆயிரம் ரூபாய்.

கணக்குப் போட்டேன். வருஷத் தவணை 1,50,000. இன்ஷூரன்ஸ் 10,000. ஆயில் மாற்றுவது, பிளேடு, டயர் தேய்மானம் என்று 15,000. இதெல்லாம் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். டீசல் மணிக்கு 415 ரூபாய் வீதம் 215 மணி நேரத்துக்கு 89,225. மொத்தம் 2,64,225. இதை 215-ஆல் வகுத்தால் 1,229 ரூபாய்.

ஆயிரம் ரூபாய் வாடகைக்கு விடும் வண்டியை ஓட்ட எங்களுக்கு ஆயிரத்து இருநூற்று இருபத்தொன்பது செலவு! இதில் அப்பா ஓட்டியதற்கு டிரைவர் கூலி போடவில்லை. (சம்பளக் கணக்கு போட்டு ஒரு தடவை பட்டது போதாதா?) 'தவணையில் அசலும் இருக்கிறதே, அதை எப்படிச் செலவில் சேர்க்கலாம்? தேய்மானம்தானே போட வேண்டும்?' என்று கேட்கத் துடிக்கும் சக அக்கவுன்டன்ட்களே, அப்படியும் போட்டுப் பார்த்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் கூடத்தான் வருகிறது.

வருஷத்துக்கு 300 மணி நேரமாவது ஓடியிருந்தால் கையைக் கடித்திருக்காது. ஆனால் எங்கள் ஊர் வாய்க்கால் பாசனம். தண்ணீர் விட்டதும் எல்லோரும் ஒரே பதினைந்து நாளில் உழுவார்கள். அந்தப் பதினைந்து நாளில் ஒரு டிராக்டர் போதாது. மற்ற நாளில் ஒரு டிராக்டரும் தேவையில்லை. தவிர, எங்கள் வண்டி வந்த மறு வருஷம் அதே தெருவில் இன்னும் மூன்று வண்டி வந்துவிட்டது. கௌரவம் தொற்றுநோய் மாதிரி.

அந்த ஆயிரம் ரூபாயாவது கைக்கு வந்ததா? ஷெட் சுவரில் கரிக்கட்டியால் எழுதியிருந்தது: யார் யாருக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு பாக்கி. கூட்டினேன். 68,000 ரூபாய்!

"ஏனுங்கப்பா, இதையெல்லாம் போய்க் கேட்கறதில்லையா?"

"கேட்டா நல்லாருக்குமா தம்பி? தருவாங்க."

கிளம்பினேன். கையில் பிரின்ட்-அவுட். முதல் வீட்டில் "வாங்க தம்பி, எப்ப வந்தீங்க, அப்பனுக்கு எப்படி இருக்குது?" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். இரண்டாவது வீட்டில் காபி. மூன்றாவது வீட்டில் டிபன். நாலாவது வீட்டில் ஒரு சேவலைக் காலைக் கட்டிக் கையில் கொடுத்து "அப்பனுக்கு ரசம் வெச்சுக் குடுங்க" என்றார்கள். சாயங்காலம் 3,000 ரூபாயும், சேவலும், பன்னிரண்டு தேங்காயும், நிறைந்த வயிறுமாகத் திரும்பினேன். இந்த மாதிரிப் பாக்கி வசூலை எந்த ஆடிட்டரும் பார்த்திருக்க மாட்டார்.

ஐந்தாவது வீட்டுப் பெரியவர் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பன்னெண்டு மணி நேரம் ஓட்டுனது நெசந்தானுங்க தம்பி. ஆனா போன தைக்கு எங்கூட்டு நாலு பேரு மஞ்சள் வெட்ட வந்தது எங்கெ எழுதியிருக்குதுன்னு அம்மாளைக் கேளுங்க."

அம்மாவின் காலண்டரில் எழுதியிருந்தது. நாலு பேர், ஆறு நாள். அந்தக் கூலியைக் கழித்தால் பெரியவருக்கு நாங்கள்தான் பாக்கி! இப்படி ஒவ்வொன்றாகச் சுவரையும் காலண்டரையும் பக்கத்தில் வைத்து நேர் செய்ததில் 68,000 ரூபாய் 41,000-ஆகச் சுருங்கியது. மே மாசத்துக்குள் அதில் வசூலானது 14,000.

* * *

மே மாசம்தான் கழுத்தைப் பிடித்தது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 1,20,000 ரூபாய் கெடு. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் திருப்பிக் கட்டினால் வட்டி கிடையாது. ஒரு நாள் தாண்டினாலும் அந்தச் சலுகை போய்விடும். அதனால் வெளியில் கைமாற்று வாங்கியாவது அதைக் கட்டுகிறவர்கள் உண்டு. ஜூனில் டிராக்டர் தவணை 75,000. கையில் இருந்த ரொக்கமோ 31,000.

வரவேண்டிய பணம் இல்லாமல் இல்லை. பிப்ரவரியில் வெட்டிய கரும்புக்கு ஆலை தர வேண்டியது மட்டும் 1,35,000. கரும்பு போய்ச் சேர்ந்த 14 நாளில் பணம் தர வேண்டும் என்று 1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. நாங்கள் கேட்டபோது ஆலை ஆபீசில் "அடுத்த வாரம்" என்றார்கள். எந்த வருஷத்து அடுத்த வாரம் என்று சொல்லவில்லை.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. காகிதத்தில் எங்களுக்குச் சொத்துக்குக் குறைவில்லை. கரும்புப் பணம், மஞ்சள் இருப்பு, சுவர் பாக்கி எல்லாம் சேர்த்தால் இரண்டரை லட்சம். ஆனால் சனிக்கிழமை ஆள் கூலி கொடுத்தது எது? பால் பணம்! நான் நஷ்டம் என்று எழுதிய அந்த மாடுகள் வாராவாரம் ரொக்கம் தராமலிருந்தால் நாங்கள் ஏப்ரலிலேயே கந்துவட்டிக்காரர் வாசலில் நின்றிருப்போம். லாபம் என்பது ஒன்று; வேண்டிய நாளில் வேண்டிய காசு என்பது வேறொன்று. ஆபீசில் இதை வருஷா வருஷம் பவர்பாயின்ட்டில் போட்டுக் காட்டுகிறவன் நான்தான்.

மஞ்சள் 12 குவிண்டால் கிடங்கில் இருந்தது. விற்றுவிடலாம் என்றேன். அப்பா கூடாது என்றார். "வெலை ஏறும். பொறு."

"எப்படிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியும்."

எனக்கு 2011 ஞாபகம் இருந்தது. முந்தின வருஷம் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியதும் ஊரே தங்கம் விளைந்த மாதிரி ஆடியது. அப்பா "இருபதுக்குப் போகும்" என்று மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 2012-ல் விலை நாலாயிரத்தை ஒட்டி விழுந்தது. என் தங்கையின் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போனது. அதைச் சொல்லிக் காட்டினேன். சொல்லியிருக்க வேண்டாம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குவிண்டால் 6,300-க்கு விற்றேன். 75,600 வந்தது. ரொக்கமும் சுவர் வசூலும் சேர்த்துப் பயிர்க்கடனை அடைத்தேன். அதே ஜூலை, ஆகஸ்டில் மஞ்சள் விலை சரசரவென்று ஏறி இரட்டிப்பைத் தொட்டது. அப்பா தினமும் காலையில் பேப்பரைப் பிரித்து ஈரோடு மார்க்கெட் நிலவரத்தை மட்டும் சத்தமாக வாசிப்பார். என்னைப் பார்க்க மாட்டார். விட்டத்தைப் பார்த்து வாசிப்பார்.

மறுபடி அதே நிலைமை வந்தால் நான் மறுபடி விற்கத்தான் செய்வேன். கெடு இருக்கிறவன் விலைக்குக் காத்திருக்க முடியாது. ஆனால் அந்த வாசிப்பைக் கேட்டுக்கொண்டு இட்லி தின்பது சுலபமில்லை.

ஜூன் தவணைக்கு என்ன வழி? அப்பா சொன்னது: "மயிலையையும் புள்ளியையும் வித்துரு."

"வண்டியை வித்துரலாங்கப்பா."

அவ்வளவுதான். இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்றாம் நாள் ராத்திரி திண்ணையிலிருந்து குரல் வந்தது. "மாடு போனா மறுபடி வாங்கிக்கலாம். வண்டி போனா நான் நடந்து டீக்கடைக்குப் போகணும், ஞாபகம் வெச்சுக்கோ."

அவர் சொல்லுக்காக ஒரு வியாழக்கிழமை ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு விலை விசாரிக்கப் போனேன். தரகர் ஒருவர் என் கைமேல் துண்டைப் போட்டு விரல்களைப் பிடித்து அமுக்கினார். கைகுலுக்குகிறார் என்று நினைத்து நானும் குலுக்கினேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். விலையே அந்த விரல் அமுக்கலில்தான்! பிறகு வாயால் சொன்னார். ஏழு, எட்டு மாசச் சினை, வற்றின மாடு என்றால் 28,000. அதே மாடு கன்று போட்டு மடியோடு வந்தால் இதைப் போல இரண்டு பங்கு. "இன்னம் ரெண்டு மாசம் தீனி போட்டீங்கன்னா உங்களுக்குத்தானுங்க லாபம்" என்றார் தரகர். தொழிலுக்கு விரோதமாக உண்மை பேசிய மனிதர்.

வீட்டுக்கு வந்து இதையும் 1,229 ரூபாய்க் கணக்கையும் அப்பா முன்னால் ஒரே தாளில் வைத்தேன். அவர் பார்க்கவில்லை. அப்போது அம்மா கட்டிலண்டை வந்து உட்கார்ந்தாள். தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கட்டை விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. அப்பா விழுந்ததிலிருந்து காலையும் மாலையும் மூன்று மாட்டையும் அவள் ஒருத்திதான் கறக்கிறாள். எனக்குப் பீச்சத் தெரியாது. முயற்சி பண்ணியதில் புள்ளி விட்ட உதையின் தழும்பு முழங்காலில் இன்னும் இருக்கிறது.

"வண்டி நின்னுதுங்க. நான் நிக்கலீங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

ரொம்ப நேரம் கழித்து அப்பா கேட்டார்: "என்ன வெலைக்குப் போகும்?"

4,75,000-க்குப் போனது. பக்கத்து ஊர்க்காரர், எங்களுக்கு மாமா முறை. ஆறு மாச வட்டியோடு கடனை முடிக்க 3,90,000 ஆயிற்று. வண்டி விற்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடன் முடிந்தாலும் ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயர் அப்படியேதான் இருக்கும். அவர்களிடம் தடையில்லாச் சான்றும் கையெழுத்துப் போட்ட பார்ம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்து நீக்க வேண்டும். அது இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. எனக்கு இது தெரியாமல் இரண்டு தடவை பஸ் செலவு.

கையில் நின்ற 85,000-ல் 45,000-க்கு ஒரு பால் கறக்கும் இயந்திரம் வாங்கினோம். புல் வெட்டும் இயந்திரம் ஒன்று. மிச்சத்தில் மாடுகளுக்கு இன்ஷூரன்ஸ். காதில் தோடு மாட்டி நம்பரைக் குறித்துக்கொண்டு போனார்கள். அந்தத் தோடு தொலைந்தால் உடனே சொல்லி மாற்றுத் தோடு மாட்டிக்கொள்ள வேண்டும். தோடு இல்லாத மாடு செத்தால் பணம் கிடையாது. கிடாரிக்குத் தோடு மாட்ட வந்தவர் பெயர் கேட்டார். அம்மா யோசித்து "லட்சுமின்னு எழுதுங்க" என்றாள்.

(போகிற போக்கில், என்னை மாதிரிச் சம்பளக்காரர்களுக்கு: விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்று பால் பணத்தையும் அதில் சேர்த்துவிடாதீர்கள். நெல்லும் மஞ்சளும் விவசாயம். மாடு வளர்த்துப் பால் விற்பது வருமான வரிச் சட்டப்படி விவசாயம் இல்லை, தொழில். மாடு உங்கள் பெயரில் இருந்தால் அதையும் காட்ட வேண்டும்.)

இயந்திரத்தின் சத்தத்துக்கு முதல் மூன்று நாள் செவலை மிரண்டது. பாலே இறக்கவில்லை. அம்மா காம்புக் குப்பிகளை மாட்டிவிட்டு, பக்கத்திலேயே நின்று கழுத்துத் தாடையைச் சொறிந்துகொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் இறக்கியது.

ஆகஸ்டில் வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் நெல் வயலை உழ வேண்டியிருந்தது. வந்தது எங்கள் பழைய டிராக்டர்தான், மாமா வாடகைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னால் நாங்கள் கட்டிய கறுப்புக் கயிறுகூட அப்படியே இருந்தது. அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வரப்புவரை நடந்து வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் வாட்ச்சைக் கழற்றி வைத்துக்கொண்டார். சத்தத்தைக் கேட்டே "மூணாவது கியர்ல ஓட்டறான்... ரெண்டுல போடச் சொல்லு, சேறு நல்லா மசியும்" என்றார்.

முடிந்ததும் மாமா வந்து, "மூணு மணி நேரம் பத்து நிமிசமாச்சு மச்சான். மூணுன்னு வெச்சுக்கலாம். காசு மெதுவாக் குடு, சுவத்துல எழுதிக்கறேன்" என்றார்.

"சுவத்துல எல்லாம் எழுத வேண்டாம்" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பி, "மூவாயிரத்து நூத்தி அறுபத்தேழு ரூவா. இப்பவே எண்ணிக் குடுத்துரு தம்பி" என்றார்.

மூன்று ரூபாய் சில்லறை இல்லை. 3,170-ஆகக் கொடுத்தேன். அம்மா சமையல்கட்டுக்குப் போய்க் காலண்டரில் எழுதினாள்.